ஆற்றைக் கடந்த ஃபோர் வீல் வண்டியில் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

சென்னையிலிருந்து செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாக ஆரணியாற்றுப் பக்கம் போகும் ஃபோர் வீல் வண்டிகளின் (நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் பலம் போகும் 4x4 வண்டிகள்) எண்ணிக்கை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகளில் தண்ணீர் அளவாக ஓடும் நாட்களில் கூடிவிடும். தடம் என்னவோ சில கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் மூன்று நான்கு இடங்களில் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். அந்தச் சிறிய தூரத்தில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. நண்பர்களின் வண்டிகளிலும் என் வண்டியிலும் அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் சேர்ந்த குறிப்புகளே இவை. வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ மழைநீரில் மாட்டிக்கொண்ட சாதாரணக் காருக்கும் இவற்றில் பாதி பொருந்தும்.

எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பணத்தை விழுங்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. வண்டியை எங்கே இறக்குவது என்பது இந்தக் குறிப்பின் பொருள் அல்ல. ஆனாலும் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம் என்பதையும், பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு இறங்குவதே முறை என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

அறிகுறி 1: எஞ்சின் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது

முதல் வேலை, சாவியிலிருந்து கையை எடுப்பது. தண்ணீரில் நின்ற எஞ்சின்களில் கணிசமானவை, நின்ற நொடியில் சேதமடைவதில்லை; "இன்னொரு தடவை செல்ஃப் அடித்துப் பார்ப்போம்" என்று முயலும்போதுதான் சேதமடைகின்றன. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால், சிலிண்டருக்குள் போன தண்ணீரின் மீது பிஸ்டன் மோதினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராட் வளையும். டீசல் எஞ்சினில் அமுக்க விகிதம் அதிகம், மேலே இடம் குறைவு. ஆகவே பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் சேதமடையக் குறைந்த தண்ணீரே போதும்.

தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தொட்டு, ஓட்டமும் வண்டியைத் தள்ளுமானால், ஆட்களைக் கரையேற்றிய பிறகே மற்ற எதையும் யோசிக்க வேண்டும். ஓட்டம் இல்லையென்றால், கியரை நியூட்ரலில் வைத்து, இன்னொரு வண்டியைக் கொண்டு வந்த வழியே பின்னால் இழுப்பது நல்லது. வந்த வழியின் ஆழம் தெரியும். எதிர்க்கரையின் ஆழம் தெரியாது.

கரைக்கு வந்தபின், எஞ்சின் எப்படி நின்றது என்பதை ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். அந்தப் பதிலைக் கொண்டே பாதி வழி பிரிந்துவிடும்.

*மெல்லத் திணறி, கியர் பாரம் தாங்காமல் அணைந்தது என்றால்:* மெதுவாக, அதிக இழுவையோடு போகும் ஃபோர் லோவில் போடாமல், வேகத்துக்கான ஃபோர் ஹையில் இறங்கியிருக்கலாம், அல்லது கல்லில் முட்டி வேகம் செத்திருக்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. இருந்தாலும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்காமல் செல்ஃப் அடிக்கக் கூடாது. கிளிப்புகளைக் கழற்றி, ஃபில்டரின் அடிப்பக்கத்தையும் பெட்டியின் மூலைகளையும் விரலால் தடவிப் பார்த்து, இரண்டும் உலர்ந்திருந்தால் மட்டுமே ஸ்டார்ட் செய்யலாம்.

*விக்கி விக்கி, சிலிண்டர் ஒவ்வொன்றாக விட்டுப்போவது போல நின்றது என்றால்:* ஃபில்டரும் உலர்ந்திருந்தால் சந்தேகம் மின்சாரத்தின் மேல் போக வேண்டும். பெட்ரோல் வண்டியில், குறிப்பாகப் பழைய மாருதி ஜிப்ஸியில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் ஒயர்களிலும் ஈரம் ஏறியிருக்கும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் விரட்டும் ஸ்பிரேயை அடித்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். புதிய வண்டிகளில் இக்னிஷன் காயில்களின் கனெக்டர்கள், ஏர் ஃபில்டரை அடுத்துள்ள காற்றோட்ட சென்சார், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றை இதே வரிசையில் பார்க்க வேண்டும். கனெக்டரைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட வேண்டும்.

*ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று, அடி விழுந்தது போல நின்றது என்றால், அல்லது ஃபில்டர் நனைந்திருந்தால்:* தண்ணீர் உள்ளே போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். பழைய, எளிமையான எஞ்சினாக இருந்து, கருவிகளும் கைப்பழக்கமும் உள்ள ஒருவர் உடனிருந்தால் அங்கேயே வேலையைத் தொடங்கலாம். பெட்ரோலில் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். தடையின்றிச் சுற்றினால் அதன்பிறகு செல்ஃப்பை இரண்டு மூன்று நொடி மட்டும் அடித்தால், பிளக் துளைகள் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். துளைகளுக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் ஆயிலை விட்டு, டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்திருக்கிறதா என்றும் பார்த்து, வெளுத்திருந்தால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் எஞ்சினை ஓட்டக் கூடாது.

டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் இந்த வேலையை ஆற்றங்கரையில் செய்யவே கூடாது. இஞ்செக்டரைக் கழற்றுவதற்கு அதற்கென உள்ள கருவியும் சுத்தமான இடமும் வேண்டும். ஸ்டார்ட் செய்ய உதவும் சூடேற்றியான குளோ பிளக் துருப்பிடித்திருந்தால் கழற்றும்போது எஞ்சினின் தலைப்பகுதிக்குள்ளேயே முறியும். ஆகவே டீசல் வண்டியின் ஃபில்டர் நனைந்திருந்தால் அதுவே மெக்கானிக்கை அழைக்கும் கட்டம். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் வண்டியைக் கேட்டு வாங்க வேண்டும். அது வருவதற்குள் வண்டி நின்ற இடத்தையும் ஃபில்டரையும் படம் எடுத்து வைத்துக்கொள்வதோடு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுக்காத வழக்கமான பாலிசியில் தண்ணீர் போன எஞ்சினுக்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. எடுத்திருந்தாலும், நின்ற பிறகு செல்ஃப் அடித்த தடயம் கிடைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். தண்ணீரை வெளியேற்றியபின் எஞ்சின் கிளம்பிவிட்டது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று பொருள் இல்லை. லேசாக வளைந்த ராட் பல வாரம் ஓடிவிட்டு, ஒருநாள் முறிந்து பிளாக்கையே துளைத்துவிடும். ஆகவே ஐடிலில் புதிதாக ஒரு தட்டல் சத்தம், முன்பில்லாத நடுக்கம், தொடர்ந்து வரும் வெள்ளைப் புகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு சென்னை திரும்பக் கூடாது. கம்ப்ரஷன் சோதனையில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். ஏர் ஃபில்டரின் விலை சில நூறு ரூபாய். பிரித்து ராட் மாற்றும் வேலை, நவீன டீசலில் லட்சத்தைத் தாண்டும்.

ஆழம் பற்றிக் கேட்பவர்களுக்காக: 2020 முதல் வரும் மஹிந்திரா தாருக்கு நிறுவனம் சொல்லும் அளவு 650 மில்லிமீட்டர், ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 மில்லிமீட்டர். இவை அமைதியான தண்ணீரில் மெதுவாகப் போகும்போது பொருந்தும் அளவுகள். வேகமாக இறங்கினால் வண்டிக்கு முன்னால் எழும் அலை பானட்டின் மேல் ஏறும். அப்போது அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஸ்னார்கல் இருந்தால் காற்று உள்ளே போகும் வாய் உயரும், அவ்வளவுதான். கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் ஒன்றைக்கூட அது தடுக்காது.

அறிகுறி 2: ஃபோர் வீல் இணையவில்லை, அல்லது விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது

ஃபோர் வீல் லீவர் நகர்ந்தும் மீட்டரில் அதன் விளக்கு மினுக்கினால், பெரும்பாலும் பல்சக்கரங்கள் நேராகப் பொருந்தவில்லை என்பதே காரணம். நேர்கோட்டில் சில மீட்டர் முன்னாலோ பின்னாலோ உருட்டினால் பொருந்திவிடும். ஃபோர் லோ என்றால் வண்டியை முழுமையாக நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகே லீவரைப் போட வேண்டும். ஆட்டோமேட்டிக்கிலும் நியூட்ரல்தான், பார்க் அல்ல.

விளக்கு எரிகிறது, ஆனால் முன்சக்கரம் இழுக்கவில்லை என்றால், சக்கரத்தின் நடுவே அதை அச்சோடு இணைக்கும் ஹப்பைப் பார்க்க வேண்டும். கையால் திருப்பும் ஹப் உள்ள வண்டியில் ஒரு பக்கம் லாக்கிலும் மறுபக்கம் ஃப்ரீயிலும் இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். வாக்குவம் மூலம் இணையும் வகையாக இருந்தால், முன் ஆக்ஸிலுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய் கழன்றிருக்கிறதா, புதரில் மாட்டி அறுந்திருக்கிறதா என்று படுத்துப் பார்க்க வேண்டும். குழாயின் விலை அற்பம். குழாய் நன்றாக இருந்து, ஹப்பைத் திறந்தால் உள்ளே சேறு கலந்த கிரீஸ் இருந்தால், சீல் போய்விட்டது என்று பொருள். ஊர் திரும்பியதும் பிரித்துக் கழுவி, புதிய கிரீஸும் சீலும் போட வேண்டும்.

தார் ரோட்டுக்கு வந்தபின் லீவர் டூ வீலுக்குத் திரும்பாமல் அடம்பிடித்தால் பலத்தைக் காட்டக் கூடாது. காய்ந்த ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டியதால் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டுவிடும். அதன் பிறகும் வராவிட்டால், அல்லது போடும்போது பல் உரசும் சத்தம் தொடர்ந்து கேட்டால், பலத்தை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸை, வேலை தெரிந்தவரிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது.

அறிகுறி 3: சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

ஆற்று மணலில் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது குழி தோண்டும் வேலை. ஓடும் தண்ணீரில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். டயரைச் சுற்றி ஓடும் நீர் அடியிலுள்ள மணலை அரித்துக்கொண்டே இருப்பதால், எதுவும் செய்யாமல் நின்றாலும் வண்டி இறங்கிக்கொண்டே போகும். எனவே தண்ணீருக்குள் சிக்கினால் யோசிக்க அதிக நேரம் இல்லை.

முதலில் டயர் காற்று. தார் ரோட்டு அளவிலேயே இறங்கியிருந்தால், 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு.

அடுத்தது, எந்தச் சக்கரம் சுற்றுகிறது என்பது. ஒரு மூலையில் ஒன்றும் எதிர்மூலையில் ஒன்றும் மட்டும் சுற்றினால், இரு பக்கச் சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியல், அதை எளிதாகச் சுற்றும் பக்கத்துக்கே அனுப்புகிறது. கூர்க்காவில் இருப்பது போன்ற, இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும், கையால் போடும் லாக் இருந்தால் ஸ்டியரிங்கை நேராக வைத்து அதைப் போட வேண்டும். பிரேக் மூலம் சக்கரத்தைப் பிடிக்கும் மின்னணு அமைப்போ தானாகப் பூட்டும் பின் டிஃப்ரன்ஷியலோ இருந்தால், பயந்து பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு அழுத்துவது பயன் தராது. சில நொடிகள் சீராக அழுத்தினால்தான் அவை வேலை செய்யும். நான்கும் சுற்றினால் லாக்கால் ஒன்றும் ஆகாது. நான்கும் சுற்றாமல் எஞ்சின் மட்டும் உறுமினால் அறிகுறி 7-இல் கிளட்சைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்க்கவும்.

அடுத்து அடிவயிறு. சேஸிஸோ, அச்சின் நடுவே தொங்கும் டிஃப்ரன்ஷியல் பெட்டியான கிரௌனோ மணலில் உட்கார்ந்திருந்தால் எந்த லாக்கும் உதவாது. மண்வெட்டியால் அடிப்பக்கத்தை விடுவித்து, சக்கரங்களுக்கு முன் ரெக்கவரி பலகையையோ, அது இல்லாவிட்டால் தட்டையான கற்களையோ கொடுக்க வேண்டும்.

கடைசியாக இழுவை. சேஸிஸில் போல்ட் செய்த கொக்கியில் மட்டுமே பட்டையை மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டினால், அது பிய்த்துக்கொண்டு குண்டு போலப் பாய்ந்து ஆளைக் கொன்றுவிடும். பட்டையின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, எல்லோரும் பட்டையின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்க வேண்டும். ஒரு வண்டியால் முடியாமல், தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தால், பக்கத்து ஊரில் டிராக்டர் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. ஆற்று மணலை நம்மைவிட அந்த டிராக்டர் ஓட்டுநருக்கே நன்றாகத் தெரியும்.

அறிகுறி 4: கரையேறியதும் பிரேக் பிடிக்கவில்லை, அல்லது சத்தம் போடுகிறது

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் பேடுகள் நனைந்திருக்கின்றன. முதல் கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இடது காலால் பெடலை லேசாக அழுத்தி வைத்தால் சூட்டில் காய்ந்துவிடும். பின்சக்கர டிரம்கள் காய்வதற்கு டிஸ்க்கைவிட நேரம் எடுக்கும்.

கரகரவென்று உலோகம் உரசினால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே கூழாங்கல் மாட்டியிருக்கலாம். சற்று ரிவர்ஸ் எடுத்தால் சில நேரம் விழுந்துவிடும். இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றி, தகட்டை விரலால் வளைத்து எடுக்க வேண்டும். டிரம்முக்குள் மணல் தங்கியிருந்தால் சத்தம் மந்தமாக, ஒரே சீராகக் கேட்கும். டிரம்மைக் கழற்றிக் கழுவாமல் நாள் கடத்தினால் லைனிங்கும் டிரம்மும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

பெடல் பஞ்சு போல உள்ளே போனால் கதையே வேறு. கல்லில் உரசி பிரேக் குழாய் ஒழுகுகிறதா என்று நான்கு சக்கரங்களின் உட்புறமும் பார்க்க வேண்டும். ஒழுகினால் வண்டி அங்கிருந்து நகரக் கூடாது; இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

தண்ணீரிலிருந்து வந்த அன்றிரவு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்த வேண்டாம். கடற்கரை ஊரின் உப்புக் காற்றில், ஈரமான லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, மறுநாள் காலை பின்சக்கரம் நகர மறுக்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடைக்கல் கொடுத்தால் போதும்.

அறிகுறி 5: டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

ரேடியேட்டரின் முன்பக்கம் சேறும் இலையும் அப்பிக்கொண்டிருப்பதுதான் மிகச் சாதாரணமான காரணம். எஞ்சின் ஆறியபின், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக, அழுத்தம் குறைந்த தண்ணீரால் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் அதிவேகப் பீய்ச்சல் ஃபின்களை மடக்கிவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவசரத்தில் யாராவது ஒருவர் திறக்கத்தான் செய்கிறார்.

கழுவியும் ஏறினால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். நனைந்த பெல்ட் கீச்சிடும். காய்ந்தபின்னும் கீச்சிட்டால் தளர்ந்திருக்கிறது. மின்விசிறி வகையாக இருந்தால், ஏசியைப் போட்டதும் விசிறி சுற்றுகிறதா என்பது எளிய சோதனை. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறியாக இருந்தால் இறக்கைகளை உற்றுப் பார்க்கவும். ஆழத் தண்ணீரில் சுற்றும் இறக்கை முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரையே கீறிவிடும். கூலன்ட் ஒழுகினால் வழியில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவது, பக்கத்து மெக்கானிக் கடை வரைக்கும் சரி, சென்னை வரைக்கும் சரியல்ல.

அறிகுறி 6: மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள்

ஏபிஎஸ் விளக்கும் டிராக்‌ஷன் விளக்கும் சேர்ந்து எரிந்தால், சக்கர சென்சாரில் சேறு அடைத்திருக்கும். கழுவிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் அணையும். அணையாவிட்டால் சென்சாரின் ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை பிரேக் பிடிக்கும். அவசரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி மட்டும் இருக்காது.

பேட்டரி விளக்கு எரிந்தால் முதலில் பெல்ட், பிறகு ஆல்டர்னேட்டர். அதற்குள் சேற்றுத் தண்ணீர் போனால் பிரஷ்கள் ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரால் மென்மையாகக் கழுவிக் காயவைத்தால் சில நேரம் திரும்பிவரும். வராவிட்டால் ஏசி, மியூசிக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் அருகிலுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவது மேல்.

டீசல் ஃபில்டரில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை ஒரு பாட்டிலில் வடிக்க வேண்டும். வடித்தும் எஞ்சின் குதித்துக் குதித்து ஓடினால் நிறுத்திவிட வேண்டும். உயர் அழுத்த பம்ப்பும் இஞ்செக்டர்களும் தண்ணீரைத் தாங்குவதில்லை. அவற்றின் விலையும் நம்மால் தாங்கக் கூடியதல்ல.

அறிகுறி 7: எஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை

தண்ணீருக்குள் கிளட்சை மிதித்தவர்களுக்கு இது அதிகம் வரும். மிதித்த நேரத்தில் தட்டுகளுக்கு நடுவே ஈரமும் மண்ணும் நுழைகின்றன. ஈரம் மட்டும் என்றால் சில நிமிட ஓட்டத்தில் சரியாகிவிடும். மண் என்றால் வழுக்கல் தொடரும், கருகிய வாடையும் வரும். பழைய ஜீப்புகளில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் வடிகால் துளை இருக்கும். அதில் குச்சியை விட்டு அடைப்பை நீக்கினால் தேங்கியது வடியும். கருகிய வாடை மறுநாளும் இருந்தால் கியர்பாக்ஸை இறக்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை; இறக்கிய பிறகு பிளேட்டை மட்டும் மாற்றிக் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்காமல், ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும்.

அறிகுறி 8: வீட்டுக்கு வந்துவிட்டது, எல்லாம் நன்றாக இருக்கிறது

இதை அறிகுறியாகச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. ஆற்றுப் பயணத்தில் அதிகம் பணம் தின்னும் இரண்டாவது கோளாறு எந்த அறிகுறியும் காட்டாது. ஓடிச் சூடான கிரௌன், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவை குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பெட்டிக்குள் காற்று போய்வரும் சிறு துளையான பிரீதர் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஹப் அச்சு மூழ்கும் ஆழத்தில் வண்டி சில நிமிடம் நின்றிருந்தால்கூட இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

இரவு முழுவதும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, காலையில் நகர்த்துவதற்கு முன்னால் சோதிப்பதுதான் எளிய வழி. ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அது அடியில் தங்கியிருக்கும். மேலே ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் தளர்த்த வேண்டும். அது துருவேறி அசையாமல் இருந்து, கீழே வடித்தும் விட்டால், புதிய ஆயிலை ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே கிடக்கும். மேல் பிளக் அசைந்தபின், கீழுள்ள வடிக்கும் பிளக்கை முழுவதும் கழற்றாமல் அரைச் சுற்று மட்டும் தளர்த்தினால் முதலில் சொட்டுவது எது என்று தெரியும்.

*ஆயில் சொட்டினால்:* இறுக்கிவிடலாம். அந்தப் பெட்டி தப்பித்தது, அடுத்ததைப் பார்க்கலாம். முன், பின் கிரௌன்கள், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

*தண்ணீர் சொட்டினால், அல்லது பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் வந்தால்:* முழுவதும் வடித்து, விலை குறைந்த ஆயிலை ஊற்றி, மெதுவாகச் சில கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து, தெளிவாக வரும்வரை இதைச் செய்தபின் நல்ல ஆயிலை ஊற்ற வேண்டும். கிரௌனுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 தரம். மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 கேட்கும் வண்டிகள் உண்டு, ஆகவே கையேட்டைப் பார்க்காமல் ஒரே டின்னிலிருந்து எல்லாவற்றுக்கும் ஊற்றக் கூடாது. வாரக் கணக்கில் தள்ளிப் போட்டால் பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்து, சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது கிரௌன் செட் விலைக்குப் போய்விடும்.

*பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால்* அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் இருந்தால் ஆயில் மாற்றுவதால் பயனில்லை. பிரித்துப் பார்க்க வேண்டும்.

*ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் வெளுத்திருந்தால்* வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். உள்ளேயுள்ள கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சைத் தண்ணீர் உரித்துவிடும்.

இதே கோளாறு ஒவ்வொரு முறையும் வந்தால், பிரீதர்களில் ஆயில் தாங்கும் ரப்பர் குழாயை மாட்டி, எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோவது ஸ்னார்கலைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை. செலவும் மிகக் குறைவு. அதோடு, தண்ணீரில் இறங்கும் முன் கரையில் சிறிது நேரம் நின்று அச்சுகளை ஆறவிட்டால் உறிஞ்சலும் குறையும்.

அறிகுறி 9: ஹைவேயில் ஸ்டியரிங் நடுங்குகிறது

திரும்பி வரும்போது, ஜனப்பன்சத்திரம் தாண்டி வேகம் 70, 80 என்று ஏறியதும் இது தொடங்கும். வீல் அலைன்மென்ட் கடைக்கு ஓடுவதற்கு முன் ரிம்மின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்த சேறு சக்கரத்தின் சமநிலையைக் கெடுத்துவிடும். சுரண்டி எடுத்தாலே நடுக்கம் நின்றுவிடுகிறது. அதுவும் இல்லையென்றால், இறக்கிய டயர் காற்றைத் திரும்ப ஏற்றினீர்களா என்று பார்க்கவும். இரண்டும் சரியாக இருந்தும் நடுங்கினால் டை ராட் முனைகளையும் ஸ்டியரிங் இணைப்புகளையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

அறிகுறி 10: சில வாரம் கழித்துச் சக்கரத்திலிருந்து 'ம்ம்ம்' என்ற ஓசை

வேகத்தோடு ஏறி இறங்கும், திருப்பத்தில் மாறும் ஓசை என்றால் வீல் பேரிங். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்து, கையால் சுற்றும்போது கரகரப்பும் இருந்தால், கிரீஸுக்குள் தண்ணீர் போய்விட்டது. பிரித்துக் கழுவி கிரீஸ் வைக்கும் வகையாக இருந்து, பேரிங்கின் உருளைகளில் புள்ளி விழாமல் இருந்தால் கழுவலும் புதிய சீலும் போதும். ஹப்போடு சேர்ந்த சீல் செய்த பேரிங் என்றால் முழுத் தொகுப்பையும் மாற்ற வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பம்பர், கண்ணாடி, கதவு எல்லாம் பழையதாக வாங்கலாம். பேரிங்கையும் சீலையும் மட்டும் புதிதாக வாங்கவும், மறுபக்கச் சக்கரமும் அதே தண்ணீரில்தான் நின்றது என்பதால் அதையும் அன்றே தூக்கி ஆட்டிப் பார்த்துவிடவும்.